சுழலும் தண்டும் சொட்டும் நீரும்

நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் ஒரு துளையை இட்டு, அதன் வழியே உலோகத் தண்டு ஒன்றைச் செலுத்தி, அதன் உள்முனையை எந்திரத்தோடும் வெளிமுனையைப் புரொப்பல்லர் எனப்படும் உந்துசுழலியோடும் இணைப்பதே எந்திரம் பொருத்திய படகுகள் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஏற்பாடு ஆகும். பாய்மரப் படகும் இதற்கு விலக்கன்று. காற்று ஓய்ந்த வேளையிலும், நெருக்கடியான துறைக்குள் நுழையும்போதும், எதிர் நீரோட்டத்தில் பாலங்களுக்கு அடியில் செல்லும்போதும் கைகொடுக்க அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு டீசல் எந்திரம் இருக்கும். அந்தத் துளை அடைபடாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டிவிடும்: 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 லிட்டர் நீர் உள்ளே பாயும், ஒரு மணி நேரத்தில் அது மூன்று டன்னைத் தாண்டும். எட்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு பலவற்றின் மொத்த எடையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

துளையை அடைப்பது எளிது. அடைத்த துளைக்குள் தண்டு தடையின்றிச் சுழலவும் வேண்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அடைப்பை இறுக்கினால் உராய்வு மிகுந்து தண்டு சூடேறித் தேய்கிறது. தளர்த்தினால் நீர் உள்ளே வருகிறது. பழைய படகு ஒன்றில் கசிவு கூடியதும் பலரும் அடைப்பை மட்டும் மாற்றிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். அடுத்த பருவத்திலேயே கசிவு திரும்பிவிடுகிறது. வளைந்த தண்டு, தேய்ந்த பேரிங், எந்திரம் நேர்கோட்டிலிருந்து விலகிய நிலை ஆகிய மூன்று குறைகளும் வெளிப்படும் இடம் அடைப்புதான் என்பதே இதற்குக் காரணம். ஆகவே தண்டையும் அடைப்பையும் மாற்றும் பணியை, கியர்பெட்டி முதல் புரொப்பல்லர் வரை நீளும் ஒரே கோட்டைச் சீர்செய்யும் பணியாகக் கருத வேண்டும் என்பதே இவ்வத்தியாயம் வலியுறுத்தும் கருத்து.

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில், இன்று ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பகுதியாகவே பெரும்பாலோர் அறிந்திருக்கும் ஹவுன்ஸ்லோவுக்கு உரிய இடம் உண்டு. ஐல்வொர்த், பிரென்ட்ஃபோர்ட், சிஸிக் ஆகிய கரையூர்களைத் தன்னகத்தே கொண்ட ஹவுன்ஸ்லோ ஆட்சிப்பகுதியின் ஓர் எல்லை தேம்ஸ் நதியேயாகும். கடலின் ஏற்றவற்றம் எட்டும் கடைசி நீட்சிக்குள் இக்கரைகள் அடங்குவதால், ஒரே நாளில் இருமுறை நீர் ஏறி, இருமுறை வடிந்து, ஓரங்களில் சேறு தெரியும். பிரென்ட்ஃபோர்டில் 1794-இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஜங்ஷன் கால்வாய், 1929-இல் கிராண்ட் யூனியன் என்னும் பெரிய அமைப்பின் பகுதியாயிற்று. அதற்கு அருகிலேயே, பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனல் திட்டமிட்ட பிரென்ட்ஃபோர்ட் கப்பல்துறை 1859-இல் திறக்கப்பட்டு, சரக்குப் போக்குவரத்து ஓய்ந்த பின்னர் சிறு படகுகளைக் கட்டி நிறுத்தும் துறையாக உருமாறியுள்ளது. ஆற்றின் நடுவிலுள்ள லாட்ஸ் எயிட் என்னும் தீவில், நீண்ட காலம் மூடிக் கிடந்த படகுப் பட்டறை இந்த நூற்றாண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

கிராண்ட் ஜங்ஷன் கால்வாயின் பாடிங்டன் கிளையில்தான் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்னும் விவசாயி, 1836-இல் தாம் காப்புரிமை பெற்ற திருகுச் சுழலியைச் சிறு படகொன்றில் சோதித்தார். இரண்டு சுற்றுகள் கொண்ட நீண்ட மரத்திருகாக அது அமைந்திருந்தது. 1837-இல் ஓட்டத்தின்போது அது எதிலோ மோதிப் பாதி உடைந்து போகவே, படகு முன்னைவிட விரைந்து சென்றது. நீளம் மிகுந்த திருகு நீரோடு வீணாக உராய்கிறது என்பதை அந்த விபத்தே உணர்த்தியது. ஆயினும் சுழலி பெரிய கப்பல்களுக்குப் பரவியபோது, அது துளைத்துச் செல்லும் இடம் பொறியாளர்களைப் பாடாய்ப் படுத்தியது. பித்தளையால் ஆன பேரிங்குகள் கனத்த தண்டின் அழுத்தத்தில் விரைவாகத் தேய்ந்தன, தண்டு ஆடியது, ஆடிய தண்டு அடைப்பைக் குலைத்தது. 121 பீரங்கிகள் கொண்ட ராயல் ஆல்பர்ட் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல், கிரிமியப் போர்க் காலத்தில், 1855-இன் இறுதியில், இந்த இடத்தில் ஏற்பட்ட கசிவால் கிரேக்கத் தீவொன்றின் கரையில் ஏற்றி நிறுத்தப்பட வேண்டியதாயிற்று. கிரீனிச்சைச் சேர்ந்த ஜான் பென் என்னும் எந்திரப் பொறியாளர் 1854-இல் பெற்ற காப்புரிமை இதற்குத் தீர்வாக அமைந்தது: லிக்னம் வைட்டே என்னும் பிசின் செறிந்த கடுமரத்தின் கீற்றுகளைப் பேரிங்கினுள் பதித்து, அவற்றுக்கிடையே கடல்நீரையே ஓடவிட்டார். நீரைத் தடுப்பதை விட்டு, அதையே மசகாகப் பயன்படுத்திக்கொண்ட இந்தத் திருப்பம் இன்றைய சிறு படகு வரை தொடர்கிறது.

சிஸிக்கின் சர்ச் வார்ஃப் கரையில் ஜான் ஐசக் தார்னிகிராஃப்ட் 1860-களில் நிறுவிய கப்பல்தளம் இக்கதையின் மற்றொரு படி. 1876-இல் லைட்னிங் என்னும் டார்பிடோப் படகை அது கட்டியது. 1893-இல் நீரில் இறங்கிய டேரிங் என்னும் நாசகாரிக் கப்பல் அங்கேதான் பிறந்தது. 27 நாட் வேகத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட டேரிங், தொடக்கச் சோதனைகளில் அந்த வேகத்தை எட்டவில்லை. எந்திரம் தன் ஆற்றலைக் கொடுத்தும் சுழலி அதனை நீருக்குக் கடத்தத் தவறியது. தார்னிகிராஃப்டும் அவருடைய உடன்பணியாளர் சிட்னி பார்னபியும் கண்டறிந்த காரணம் இதுதான்: இலைகளின் பின்புறத்தில் அழுத்தம் மிகவும் குறைவதால் குளிர்ந்த நீரே அங்கு ஆவியாகிக் குமிழிகளாகிறது, குமிழிகளில் சுழலும் இலைக்குப் பற்றுக்கோடு இல்லை. இலைகளின் பரப்பை 45 விழுக்காடு கூட்டிய பின் கப்பல் எதிர்பார்த்த வேகத்தைத் தாண்டியது. பொறியாளர் ஆர். ஈ. ஃப்ரூட் கேவிட்டேஷன் என்று பெயரிட்ட இந்த நிகழ்வு இன்று உலகெங்கும் சுழலி வடிவமைப்பின் முதல் பாடமாக இருக்கிறது. அது முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட கப்பல் ஹவுன்ஸ்லோவின் கரையில் கட்டப்பட்டது என்பது அவ்வூர் மக்கள் பெருமையோடு நினைவுகூரத் தக்கது. கப்பல்கள் பெரிதாகித் தேம்ஸ் பாலங்களுக்கு அடியில் செல்வது சிரமமாகவே, தளம் 1904-இல் சவுத்தாம்ப்டன் அருகிலுள்ள வூல்ஸ்டனுக்கு இடம் பெயர்ந்தது.

சிறு பாய்மரப் படகின் சுழலியில் கேவிட்டேஷன் அரிது. எனினும் இலை ஒன்று வளைந்தாலோ, சிப்பி படர்ந்தாலோ, ஒரு புறத்து உந்துதலும் மறுபுறத்து உந்துதலும் சமனிழந்து, அந்த அதிர்வு தண்டின் வழியே ஏறி அடைப்பை அடைகிறது.

பழைய படகுகளில் பெரும்பாலும் காணப்படும் அடைப்பு, கிளாண்ட் என்னும் வகையைச் சேர்ந்தது. தண்டைச் சுற்றி ஒரு வெண்கலக் குழல். குழலுக்கும் தண்டுக்கும் இடையே மெழுகோ கொழுப்போ ஊறிய சணல்வகைக் கயிற்றின் மூன்று அல்லது நான்கு வளையங்கள். அவற்றை நெருக்கும் ஒரு பெரிய நட்டு. அந்த நட்டு நகராமல் பூட்டும் இன்னொரு நட்டு. தமிழ்நாட்டுக் கிணற்று மோட்டார் பம்புகளில் விவசாயிகள் காலங்காலமாக மாற்றிவரும் கிளாண்ட் கயிறு இதே ஏற்பாட்டின் உறுப்புதான். நாகப்பட்டினத்து விசைப்படகின் அடிப்பகுதியிலும் இதன் உறவைக் காணலாம். மரக்கலங்களின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பவர்கள் அசையாத இடுக்கை அடைக்கிறார்கள். கிளாண்ட் அடைப்பதோ அசையும் இடுக்கை. எந்திரம் நிமிடத்துக்கு 2,500 முறை சுழன்று, கியர்பெட்டி அதைப் பாதியாக்கினால், 25 மில்லிமீட்டர் தண்டின் மேற்பரப்பு நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் கயிற்றின்மீது உரசிக்கொண்டே இருக்கும். அந்த உராய்வின் வெப்பத்தை அகற்றுவது இடுக்கின் வழியே நுழையும் நீர். எனவே ஓட்டத்தின்போது நிமிடத்துக்கு இரண்டு சொட்டு விழுவது குறையன்று; அவ்வாறு நாள் முழுதும் சொட்டினாலும் சேர்வது ஒரு தம்ளர் நீருக்கும் குறைவு. ஓடி நின்ற எந்திரத்தின் கிளாண்டில் கையை வைத்தால் வெதுவெதுப்புக்கு மேல் சூடு தெரியக் கூடாது. சொட்டே இல்லாத அளவுக்கு இறுக்கப்பட்ட கிளாண்டில் மெழுகு உருகி வெளியேறி, கயிறு கடினமாகி, தண்டில் வளையம் வளையமாகப் பள்ளம் அறுக்கிறது. அதன் பின் எத்தனை கயிறு மாற்றினாலும் பயன் இராது. கிராஃபைட் ஊட்டிய கயிற்றைத் தவிர்ப்பதும் நன்று. நீரில் அது தண்டின் உலோகத்தோடு மின்கலம் போலச் செயல்பட்டுத் தண்டையே அரிக்கும்.

தண்டு அரிபடும் விதம் இன்னும் நுட்பமானது. துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்குவதேயாகும். படலம் கீறப்பட்டால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அதை உடனே புதுப்பித்துவிடும். ஆனால் கிளாண்ட் கயிற்றின் அடியிலும், பேரிங்குக்கு உட்புறத்திலும், நீர் வாரக்கணக்கில் அசையாமல் தேங்குகிறது. அங்குள்ள சிறிதளவு ஆக்சிஜன் செலவழிந்ததும் படலம் தன்னைப் புதுப்பிக்க இயலாமல் உடைகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்த இடத்தைப் பற்றி உள்நோக்கித் துளைக்கின்றன. துளைக்குள் ஏற்படும் வேதிவினை அங்குள்ள நீரை அமிலமாக்குவதால், ஒரு முறை தொடங்கிய அரிப்பு தன்னைத்தானே ஊக்குவித்துக்கொள்கிறது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஓடி எஞ்சிய காலமெல்லாம் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகு, நாள்தோறும் கடலுக்குப் போகும் மீன்பிடிப் படகைவிட இந்த நோய்க்கு மிகுதியாக ஆளாவது இதனால்தான். பிரென்ட்ஃபோர்டை ஒட்டிய தேம்ஸ் நீர் பெரும்பாலும் நன்னீராதலால் அங்கே அரிப்பு மெதுவாகவே நிகழும். முகத்துவாரத்துக்கும் கடலுக்கும் போய்வரும் படகுக்கு அந்தச் சலுகை இல்லை.

வெளியே உருவப்பட்ட பழைய தண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பவருக்கு அதன் வரலாறு முழுதும் தெரியும். நீரோட்டம் பட்ட பகுதி பளபளக்கும். பேரிங் இருந்த இடம் சற்றே மெலிந்து, விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு விளிம்பில் தடுக்கும். கயிறு பிடித்திருந்த இடத்தில் மங்கிய பட்டையும், அதற்குள் குண்டூசி முனை அளவிலான கரும்புள்ளிகளும், புள்ளிகளைச் சுற்றிப் பழுப்புக் கறையும் தென்படும். மேலே புள்ளியாகத் தெரிவது உள்ளே குகையாக விரிந்திருக்கக்கூடும் என்பதால், இத்தகைய தண்டை மெருகிட்டு மீண்டும் பயன்படுத்துவது அறிவுடைமையாகாது. மாங்கனீஸ் வெண்கலம் என்ற பெயரில் வழங்கும் உலோகம் உண்மையில் துத்தநாகம் மிகுந்த பித்தளை. அதனால் ஆன பழைய தண்டுகளிலும் சுழலிகளிலும் துத்தநாகம் கரைந்து வெளியேற, இளஞ்சிவப்பு நிறத்தில் நொய்ந்த செம்பு எஞ்சும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல சுழலி மணியோசை தரும். துத்தநாகம் இழந்தது மந்தமாக ஒலிக்கும். இதைத் தடுக்க, தான் அரிபட்டு மற்றவற்றைக் காக்கும்படி தண்டில் பூட்டப்படும் பலி உலோகத்தை நீருக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கடல்நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்துக்கு அலுமினியம், கால்வாயின் நன்னீருக்கு மக்னீசியம்.

தண்டை வெளியே எடுப்பது பல வேளைகளில் முழுப் பணியின் மிகக் கடினமான பகுதியாகிவிடுகிறது. படகைக் கரையேற்றி, சுழலியை அதற்குரிய இழுப்பான் கொண்டு கழற்ற வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்துக் கழற்றுவோர் கியர்பெட்டியின் பேரிங்கைச் சேர்த்தே உடைக்கிறார்கள். உள்ளே, தண்டின் முனையில் இறுகிய இணைப்புத் தட்டு பல ஆண்டுத் துருவால் தண்டோடு ஒன்றாகியிருக்கும். இரு தட்டுகளையும் பிரித்து, தண்டின் விட்டத்தைவிடச் சிறிய எஃகுத் துண்டொன்றை அவற்றின் நடுவே வைத்து, நீண்ட போல்ட்டுகளால் தட்டுகளைச் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி நெருக்கினால், தண்டு தட்டிலிருந்து பின்னோக்கி நகரும். இதுவும் பலிக்காவிட்டால் தண்டை அறுப்பதே வழி. எப்படியும் மாற்றப்பட இருக்கும் தண்டுக்காக நாள்கணக்கில் போராடுவதில் பொருளில்லை. பின்னோக்கி நகர்ந்த தண்டு சுக்கானில் முட்டி நிற்பதும் உண்டு. சில படகுகளில் வடிவமைப்பாளர் சுக்கானைத் தண்டின் கோட்டிலிருந்து சற்று விலக்கியோ, அதில் தண்டு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டோ வைத்திருப்பார். அந்த முன்யோசனை இல்லாத படகில் சுக்கானைக் கீழிறக்க வேண்டும், அல்லது எந்திரத்தைத் தூக்கித் தண்டை உள்நோக்கி உருவ வேண்டும்.

தண்டின் பழுதை உலகமே திரையில் பார்த்த கதை ஒன்று ஐல்வொர்த்தோடு தொடர்புடையது. ஜான் ஹூஸ்டன் இயக்கி 1951-இல் வெளிவந்த தி ஆப்பிரிக்கன் குவீன் திரைப்படத்தில், பாறையில் மோதிய நீராவிப் படகின் தண்டு வளைந்து, சுழலியின் இலை ஒன்றும் போய்விட, கதைத்தலைவர்கள் ஆற்றங்கரையில் கரிநெருப்பு மூட்டித் தண்டைக் காய்ச்சி நிமிர்த்துகிறார்கள். படத்தின் கணிசமான பகுதி ஆப்பிரிக்காவில் எடுக்கப்பட்டபோதிலும், நடிகர்கள் நீருக்குள் இறங்கும் காட்சிகள் ஆபத்து கருதி ஐல்வொர்த் படப்பிடிப்புத் தளத்தின் தொட்டிகளில் எடுக்கப்பட்டன. கதையிலுள்ள மென்னெஃகுத் தண்டைக் காய்ச்சி நிமிர்த்தலாம். அக்காலத்துச் சுழற்சி வேகத்துக்கு அது தாங்கவும் தாங்கும். இன்றைய துருப்பிடிக்காத எஃகுத் தண்டை அவ்வாறு காய்ச்சினால் அதன் அரிப்பெதிர்ப்பும் வலிமையும் கெட்டுவிடும். சிறு வளைவை, கடைசல் பட்டறையில் தண்டை இரு தாங்கிகளின்மேல் வைத்துச் சுழற்றி, டயல் கேஜ் முள்ளின் ஆட்டத்தைப் பார்த்து, குளிர்நிலையிலேயே அழுத்தி நேராக்குவார்கள். புள்ளி விழுந்த தண்டுக்கு அந்தச் செலவும் வீண்.

புதிய தண்டுக்கான அளவுகளைப் பழைய தண்டிலிருந்தே எடுப்பது பாதுகாப்பானது. பிரித்தானியப் பழம்படகுகளில் ஓர் அங்குலத் தண்டும் 25 மில்லிமீட்டர் தண்டும் இரண்டும் புழக்கத்தில் உள்ளன, வேறுபாடு 0.4 மில்லிமீட்டரே எனினும், ஒன்றின் அடைப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. சுழலி உட்காரும் கூம்பின் சரிவும் அவ்வாறே: ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் பழைய அளவும் ஒன்றுக்குப் பத்து என்னும் மெட்ரிக் அளவும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், மாறிப் பொருத்தினால் சுழலி ஒரு விளிம்பில் மட்டும் பற்றிக்கொண்டு நாளடைவில் தளரும். ஆகவே புதிய தண்டைக் கடையும் பட்டறையிடம் சுழலியையும் சேர்த்தே ஒப்படைப்பதும், கூம்பில் உரைப்புப் பசை தடவிச் சுழலியைத் திருப்பித் திருப்பி உரசி, இரு பரப்பிலும் சீரான சாம்பல் நிறம் வரும்வரை பொருத்திப் பார்ப்பதும் வழக்கம். கீ எனப்படும் எஃகுக் கட்டை தன் காடியின் மேற்கூரையில் தொடக் கூடாது. தொட்டால் சுழலியைத் தாங்குவது கூம்பாக இராமல் கட்டையாகிவிடும்.

தண்டு வெளியே இருக்கும்போதே பேரிங்கை மாற்றிவிடுவது நலம். லிக்னம் வைட்டேயின் இடத்தைச் சிறு படகுகளில் இன்று பிடித்திருப்பது, பித்தளைக் கூட்டுக்குள் நீளவாக்கில் வரிப்பள்ளங்கள் கொண்ட ரப்பர். பள்ளங்களின் வழியே புகும் நீர் தண்டை மெல்லிய படலமாகச் சூழ்ந்து தாங்குகிறது. மணற்பொடி நுழைந்தாலும் ரப்பர் நெகிழ்ந்து, அதைப் பள்ளத்துக்குள் தள்ளி வெளியேற்றுகிறது. சேறு மிகுந்த தேம்ஸுக்கு இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு. 25 மில்லிமீட்டர் தண்டு பேரிங்குக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஆடுமானால் மாற்றும் காலம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

அடைப்பைப் பொறுத்தவரை, சொட்டில்லா வகைகள் இரண்டு இன்று பரவலாக உள்ளன. ஒன்றில், படகின் குழலோடு இணைந்த நெகிழ்குழாயின் முனையில் கார்பன் வளையமும், தண்டோடு சேர்ந்து சுழலும் எஃகு வளையமும் முகத்தோடு முகம் அழுந்தி நிற்கின்றன. தண்டின் மேற்பரப்பில் எதுவும் உரசுவதில்லை. மற்றொன்றில், ரப்பர் உதடுகள் இரண்டு தண்டையே கவ்வுகின்றன. அவற்றுக்கிடையே ஆண்டுதோறும் சிறிதளவு கிரீஸ் ஊட்ட வேண்டும். பழைய தண்டின்மேல் இந்த இரண்டாம் வகையைப் பொருத்துவது பணவிரயம். கயிறு அறுத்த பள்ளத்தின் விளிம்பே உதட்டைக் கிழித்துவிடும். புதிய தண்டிலும், கீ காடியின் கூர்விளிம்பு உதட்டில் படாதபடி மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டியே அதை நகர்த்த வேண்டும். இவ்விரு வகைகளும் வேலையைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் ரப்பர் முதுமையடைந்து கிழிந்தால் நீர் பாய்ந்து வரும். கயிற்று கிளாண்டோ கெடும்போது சொட்டு சொட்டாக அறிவித்துக்கொண்டே கெடும். கடலின் நடுவிலும் ஒரு சுற்று இறுக்கி நிறுத்திவிடலாம். அடிக்கடி படகுக்குச் சென்று பார்க்கும் வழக்கமுடையவருக்குக் கயிறே போதும். மாதக்கணக்கில் படகைப் பாராதவர் சொட்டில்லா வகையைத் தேர்ந்தால், அதை உற்பத்தியாளர் குறித்த காலத்தில் மாற்றியே தீர வேண்டும்.

படகை நீரில் இறக்கிய உடனே, உதட்டு வகை அடைப்பை விரல்களால் அழுத்தி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, நீர் எட்டிப் பார்த்த பின்பே எந்திரத்தை இயக்க வேண்டும். காற்று சிக்கியிருந்தால் உதடுகள் வறண்டு உரசிச் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். ஏற்றவற்றமுள்ள கரையில், நீர் வடிந்து படகு சேற்றில் அமர்ந்து மீண்டும் மிதக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் காற்று உள்ளே புகக்கூடும் என்பதை ஐல்வொர்த், பிரென்ட்ஃபோர்ட் கரைகளில் படகைக் கட்டி வைப்போர் மனத்தில் இருத்த வேண்டும்.

எந்திரத்தின் நேர்கோட்டைக் கரையில் இருக்கும்போது சரிபார்ப்பது தோராயமான வேலைதான். கீலின்மேல் தன் எடையைச் சுமத்தி நிற்கும் படகின் உடல், நீரால் எல்லாப் பக்கமும் தாங்கப்படும்போது வேறு வடிவம் கொள்கிறது. சில நாட்கள் மிதந்து உடல் தன் வடிவத்துக்குத் திரும்பிய பின்னர், இணைப்புத் தட்டுகளின் போல்ட்டுகளைக் கழற்றி, மேலே, கீழே, இடம், வலம் என நான்கு இடங்களில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை இடுக்கில் செருகி அளக்க வேண்டும். நூறு மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டில் இடைவெளிகளுக்கிடையிலான வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். மிகுந்தால், எந்திரத்தின் தாங்குகால்களை அரைச்சுற்று, கால்சுற்று எனத் திருப்பி உயர்த்தியோ தாழ்த்தியோ, பின்னர் தண்டைக் கையால் கால்வட்டம் திருப்பி மீண்டும் அளந்து, எந்த நிலையிலும் அளவு மாறாத பின்பே போல்ட்டுகளை இறுக்கிப் பூட்ட வேண்டும்.